பொதிகை அடிவாரத்தில் நோயும் கதையும்

கல்லிடைக்குறிச்சியைத் தொட்டுக்கொண்டு வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஓடுகிற கன்னடியன் கால்வாய் பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கும் மேலான வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. அதை வெட்டிய பணம் ஒரு நோயை வாங்கிக்கொண்டதற்குக் கிடைத்த கூலி என்கிறது ஊர்க்கதை. மலையாள தேசத்து அரசனுக்குத் தீராத நோய். எள்ளால் ஒரு பாவை செய்து, உள்ளே மாணிக்கங்களை வைத்து, நோயை அதில் இறக்கித் தானம் கொடுத்தால், வாங்குகிறவனோடு நோய் போய்விடும் என்றார்கள் பெரியவர்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. கன்னட நாட்டிலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவன் துணிந்து கையை நீட்டினான். பாவை உயிர்பெற்று மூன்று விரலைக் காட்டியது. மூன்று வேளை சந்தியாவந்தனத்தின் பலனையும் கேட்டது. அவன் பேரம் பேசி ஒரு வேளைப் பலனைக் கொடுத்துவிட்டுப் பிழைத்தான். மாணிக்கத்தை அம்பாசமுத்திரத்துக் குருக்கள் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அகத்தியரைத் தேடி மலையேறினான். திரும்பி வந்து கேட்டபோது குருக்கள் துவரம்பருப்பை எடுத்து நீட்டினார்; சாமி முன்னால் பொய்ச் சத்தியமும் செய்து எரிந்துபோனார். மீண்ட செல்வத்தில், அகத்தியர் சொன்னபடி, ஒரு பசு நடந்த தடத்திலேயே கால்வாய் வெட்டப்பட்டது. சொல்கிற ஆளைப் பொறுத்துக் கதையின் கிளைகள் மாறும்; நோய் கைமாறுவது மட்டும் எல்லாவற்றிலும் உண்டு.

இதை வெறும் தலபுராணம் என்று ஒதுக்க முடியாது. நோய் ஒரு பொருளைப் போல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தப் பக்கத்து வீட்டு வைத்தியத்தில் பாதி நிற்கிறது. பிள்ளைக்குக் கண்ணு பட்டுவிட்டால் உப்பு, மிளகாய் வற்றல், முச்சந்தி மண் எடுத்துச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். மிளகாயின் காந்தல் மூக்கில் ஏறவில்லை என்றால் திருஷ்டி இருந்தது உறுதி. சுற்றிய எலுமிச்சம்பழம் முச்சந்தியில் கிடந்தால் விலகி நடக்கச் சொல்வார்கள், மிதித்தவனோடு அது ஒட்டிக்கொண்டு வரும் என்பதால். இங்கிலாந்துக் கிராமங்களில் மருவின் மேல் இறைச்சித் துண்டைத் தேய்த்து மண்ணில் புதைத்தார்கள். இறைச்சி அழுக அழுக மரு உதிரும் என்பது கணக்கு. ஜேம்ஸ் ஃபிரேசர் ‘பொற்கிளை’ நூலில் நோய் மாற்றும் சடங்குகளை உலகம் முழுவதிலிருந்தும் திரட்டி அடுக்கியிருக்கிறார். அந்த வரிசையில் கன்னடியன் கதை சேர்ந்திருந்தால் தனித்துத் தெரிந்திருக்கும். பிறன் நோயை வாங்கிக்கொண்டவன் அதைக் கொண்டு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததாகச் சொல்லும் கதை வேறு எங்கும் என் கண்ணில் பட்டதில்லை.

வழக்காறு மருத்துவத்துக்கு மேல்பூச்சு என்று நினைப்பவர்கள் உண்டு. மூலிகைதான் விஷயம், கதை அதைச் சுற்றிய காகிதம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நோய் எங்கிருந்து வந்தது, யார் கை பட்டால் போகும், எத்தனை நாளில் இறங்கும், அதுவரை யார் வீட்டுக்குள் வரலாம் என்பதையெல்லாம் மருந்து சொல்வதில்லை, கதைதான் சொல்கிறது. ஆகவே ‘கதை குணப்படுத்துமா’ என்று கேட்பதைவிட, எந்த நோயில் கதைக்கு நேரம் இருக்கிறது என்று கேட்பது பயன்தரும்.

கடையத்துக்குப் பக்கத்தில் தோரணமலை இருக்கிறது. தேரையர் என்ற சித்தர் வாழ்ந்து அடங்கிய இடம் என்று அதைச் சொல்வார்கள். அரசன் ஒருவனின் தலைவலிக்குக் காரணம் கண்டு அகத்தியர் கபாலத்தைத் திறந்தபோது உள்ளே மூளையின் மேல் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. தொட்டால் பிராண்டிவிடும். குரு திகைத்து நின்றபோது, பக்கத்தில் நின்ற சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து சலசலக்கவிட்டான். சத்தம் கேட்டுத் தேரை தண்ணீருக்குள் குதித்தது. அன்றிலிருந்து அவர் தேரையர். இதே கதை பாலி விநயப் பிடகத்தில் மருத்துவன் ஜீவகன் பெயரில் வருகிறது; ராஜகிருகத்து வணிகன் தலையிலிருந்து அவன் எடுத்தது இரண்டு புழுக்கள். வடமொழிப் போஜப் பிரபந்தத்தில் போஜராஜன் தலையிலிருந்து மீன் வெளியே வருகிறது. சீனத்தின் மூன்று அரசுகளின் கதையில், ட்சாவ் ட்சாவின் தலைவலிக்கு மண்டையைத் திறக்க வேண்டும் என்று சொன்ன வைத்தியர் ஹுவா துவோ, கொலைச் சதி என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் சாகிறார்.

இவற்றைக் காட்டி ‘அந்தக் காலத்திலேயே மூளை அறுவை சிகிச்சை’ என்று மேடையில் மார்தட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கதையின் குறி அங்கே இல்லை. குருவைவிடச் சீடனுக்குச் சமயோசிதம் இருந்ததையும், அதைக் குரு ஒப்புக்கொண்டதையும் அது சொல்கிறது. ஏட்டுப் படிப்பு இல்லாமல் ஆசானுக்குப் பின்னால் நடந்து தொழில் கற்கும் வைத்திய மரபுக்கு, வர்மம் தட்டும் ஆசான்கள் வரை, இதைவிட நல்ல பாடம் கிடையாது. இன்னொன்றையும் அது மனதில் பதிக்கிறது: வலி என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, அது வெளியே வந்து கண்ணில் தெரிய வேண்டும்.

தொக்கம் எடுப்பதில் இதை நேராகப் பார்க்கலாம். பால் குடிக்காமல், கக்கிக்கொண்டு, ஓயாமல் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தொக்கம் எடுக்கும் அம்மாள் பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டு, எண்ணெய் தொட்டுத் தொண்டையிலிருந்து வயிறு வரை நீவி, குழலை வைத்து உறிஞ்சித் துப்புவார். துப்பியதில் ஒரு முடியோ, தேங்காய்த் துணுக்கோ, எலும்புச் சில்லோ இருக்கும். தாய் அதைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் குவாக்கியூட்டில் மக்களிடம் இதே உறிஞ்சும் வைத்தியம் இருந்தது. கெசாலித் என்ற மனிதர் இது மோசடி என்று நிரூபிப்பதற்காகவே அந்தத் தொழிலைக் கற்றார். வாயில் பறவையின் தூவியை ஒளித்துவைத்து இரத்தம் தோய்த்துத் துப்பும் தந்திரமும் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் தொட்ட நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் பெயர் பெற்ற வைத்தியராகவே வாழ்ந்தார். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் பதிவுசெய்த இந்தக் கதையை 1949ல் இன்னொரு மானிடவியலாளரான கிளாட் லெவிஸ்ட்ராஸ் எடுத்துப் பேசினார். நமக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. தானே அடங்கும் வயிற்றுப் பொருமலுக்குத் தொக்கம் போதும். பேதியாகி நீர்வற்றிக் கிடக்கும் பிள்ளைக்கு அந்த அரைநாள் தாமதம் உயிரைக் கேட்கும்.

மலைக்கு மேலே போனால் கதை வேறு விதமாக வேலை செய்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழிப் பகுதிகளில் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். மலையின் அந்தப் பக்கம், கேரளத்திலும் அவர்கள் உறவுகள் உண்டு. ஊர்த்தலைவர் மூட்டுக்காணி, பூசையும் வைத்தியமும் பார்ப்பவர் பிலாத்தி. நோய் முற்றினால் சாற்றுப்பாட்டு நடக்கும். விளிம்பில் பற்கள் வெட்டிய இரும்புக் குழல் ஒன்று, கொக்கரை என்று பெயர். அதைக் கம்பியால் தேய்த்துக் கரகரவென்ற தாளத்தில் பிலாத்தி இரவெல்லாம் பாடுவார். மலைத் தெய்வங்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படும். நோயாளி நடுவில் இருக்க, ஊர் சுற்றி உட்கார்ந்திருக்கும். பனாமாவின் கூனா மக்கள் பிரசவம் சிக்கலாகும்போது பாடும் நீண்ட பாட்டைப் பற்றி லெவிஸ்ட்ராஸ் அதே 1949ல் எழுதினார்: பாட்டு நோயாளியின் வலிக்கு ஒரு கதை உருவம் கொடுக்கிறது, உருவம் வந்ததும் உடம்பு ஒத்துழைக்கிறது என்றார். பின்னால் வந்தவர்கள், அந்தப் பாட்டின் சிறப்பு மொழி பிரசவிக்கும் பெண்ணுக்குப் புரியாதே என்று மடக்கினார்கள். எனக்கு இரண்டாம் தரப்பு சொல்வது சரியாகப் படுகிறது. சாற்றுப்பாட்டில் வேலை செய்வது பொருளைவிட, விடிய விடிய யாரும் எழுந்துபோகாமல் இருப்பது.

பொதிகையில் விளையும் மூலிகை அறிவெல்லாம் அகத்தியர் தந்தது என்பது தரையில் இருப்பவர்களின் கதை. கயிலையில் சிவனின் திருமணம் நடந்தபோது தெற்கு உயர்ந்துவிட, பூமியைச் சமன்செய்ய வந்த குறுமுனி 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் தங்கிச் சித்த மருத்துவத்தை அருளினார். இன்று மார்கழி ஆயில்யத்தை மத்திய அரசே சித்த மருத்துவ நாளாகக் கொண்டாடுகிறது. கதை அழகானது. ஆனால் எந்த இலையை எப்போது பறிப்பது என்று தெரிந்து, தலைச்சுமையாக இறக்கி வந்து கொடுத்த காணிக்காரருக்கு இந்தக் கதையில் இடம் எங்கே? வழக்காறு அறிவைக் காப்பாற்றும், அதே மூச்சில் அதை வேறொருவர் பெயருக்கு எழுதியும் கொடுத்துவிடும்.

1987ல் மலையின் கேரளப் பக்கம் இந்தக் கணக்கு ஒருமுறை நேராகப் பார்க்கப்பட்டது. தாவர ஆய்வாளர் புஷ்பாங்கதன் தலைமையில் போன ஆய்வுக் குழு மலையேறி மூச்சுவாங்கியபோது, வழிகாட்டிகளான காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டுக் கேட்டுத்தான் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்து பிறந்தது. திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் 1995ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாகி, 1997ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் இதை முன்மாதிரி என்று புகழ்ந்தது. எங்கள் அறிவை விற்க இவர்கள் யார் என்று பிலாத்திகள் சிலர் எதிர்த்ததும் நடந்தது. பலன் பகிர்வது நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஒரு குடியில் சில பேர் சொன்னதை முழுக் குடியின் சம்மதமாக எடுத்துக்கொண்டது பிழை என்றே நினைக்கிறேன்.

அம்மைக்கு வருவோம். கதைக்கு நேரம் அதிகம் இருந்த நோய் அதுதான், ஏனென்றால் மருத்துவத்திடம் நெடுங்காலம் ஒன்றுமே இல்லை. வீட்டில் ஒருவருக்கு முத்துப் போட்டுவிட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியூர் ஆள் உள்ளே வரக்கூடாது. தாளிக்கக்கூடாது, கறி மீன் ஆகாது, தலை சீவக்கூடாது, வீட்டார் யாரும் நல்லது பொல்லாதுக்குப் போகமாட்டார்கள். நோயாளிக்கு இளநீர், பழங்கஞ்சி, படுக்க வேப்பிலை. அரிப்பெடுத்தால் நகத்துக்குப் பதில் வேப்பங்கொத்தால் வருடிக்கொள்ள வேண்டும். முத்து இறங்கிக் காய்ந்த பிறகு நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் சூடேறிய தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள்; இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று முறை வைத்து ஊற்றி முடித்த பிறகே வீடு திறக்கும். அம்மனுக்குப் பயந்து செய்தது அத்தனையும் நோயாளியைத் தனிமைப்படுத்துவதாக அமைந்தது. பொருக்குக் காயும்வரைதான் சின்னம்மை பிறருக்குத் தொற்றும் என்கிறது இன்றைய மருத்துவம். தண்ணீர் ஊற்றும் கணக்கும் அதை ஒட்டியே வருகிறது.

அம்மையோடு குளிர்ச்சி என்ற எண்ணம் வேறு இடங்களிலும் தொடர்கிறது. வடக்கே சீதளாதேவிக்கு ஆறிய சோறு படைக்கிறார்கள். மட்டக்களப்பில் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் குளிர்த்தி பாடுகிறார்கள். குளிர்ச்சியைத் தாண்டியும் அம்மைக்குத் தெய்வமும் சடங்கும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களுக்குச் சொப்பொனா என்ற ஆண் தெய்வம். பெயரைச் சத்தமாகச் சொல்லவே அஞ்சினார்கள். ஜப்பானில் அம்மை கண்ட பிள்ளையின் அறையில் சிவப்புப் படங்களை மாட்டினார்கள்.

தடுப்பூசி வந்தபோது கதை குறுக்கே நின்றது என்று பொதுவாக எழுதுகிறார்கள். குறுக்கே நின்றதும் உண்டு. ஆனால் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, 1819ல் இறந்துபோனவர், வேறு வழி பார்த்தார். பசுவின் அம்மைப்பாலும் பசு தந்த வரங்களில் ஒன்று என்று தமிழில் ஒரு கதையே எழுதினார். பொய்ப் புராணம்தான். ஆனாலும் ஊரைத் திட்டுவதைவிட ஊரின் நாவில் பேசுவது மேல் என்பதை அந்த வெள்ளைக்காரர் புரிந்துவைத்திருந்தார். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. அம்மன் கோயிலில் கூட்டம் குறையவில்லை. சாமி நோயைவிட நீண்ட ஆயுள் கொண்டது.

சின்ன நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அக்கி வந்தால் குயவரிடம் போய்ச் செங்காவியால் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கமும் பேரும் எழுதிக்கொள்வார்கள். அந்த நோய் இரண்டு, மூன்று வாரத்தில் தானே வடியும், பெருமை காவிக்குப் போகும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் எழுதிக்கொண்டிருக்கக்கூடாது, அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பொன்னுக்கு வீங்கிக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது யாருக்கும் கெடுதல் இல்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பதை 1988ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழ் வரை கொண்டுபோனார்கள்: ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்குக் கொடுத்ததில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. முதல் செய்தி ஊருக்கெல்லாம் தெரியும், இரண்டாவது தெரியாது. புது வழக்காறு உருவாவதும் இப்படித்தான்.

பேய் பிடிப்பதும் சாமி ஆடுவதும் தனி உலகம். 1849ல் கால்டுவெல் திருநெல்வேலிச் சீமையின் பேயாட்டத்தை வெறுப்போடுதான் விவரித்தார். என்றாலும் ஆடுகிறவரிடம் ஊரார் தங்கள் நோய்க்குக் குறி கேட்டதையும் பதிந்துவைத்தார். சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்தின் மகுடச் சத்தம் ஏறினால் இன்றும் அதே நடக்கும். சுடலையின் கதையில் பெரிய மந்திரவாதி மலையாளத்துக்காரன். கன்னடியன் கதையில் தீரா நோய்க்காரனும் மலையாளத்து அரசன். ஸ்காண்டிநேவியர்களுக்குச் சாமி இன மக்கள் சூனியக்காரர்கள். மந்திரம் எப்போதும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கும் போல.

இசக்கியை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். பல ஊர் இசக்கிகள் கருவுற்ற நிலையில் செத்த அல்லது கொல்லப்பட்ட பெண்கள். இடுப்பில் பிள்ளையோடு நிற்பாள். மண்ணால் செய்த பிள்ளையும் தொட்டிலும் அவளுக்குக் காணிக்கை. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லும் வயிற்றுச் சுமையோடு போன ஒருத்திக்கு நட்டதுதான். மகப்பேற்று மரணங்களை அரசு எண்ணத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சீமை அவற்றைக் கல்லிலும் பீடத்திலும் குறித்துவைத்திருக்கிறது. கர்ப்பிணி உச்சிவேளையில் தனியே போகக்கூடாது என்ற இசக்கி பயத்துக்கு அடியில் கிடப்பது அந்த அனுபவம்.

மனநோயில் கதைக்கு இடம் உண்டா? உண்டு என்று ஓரளவு சான்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கவனித்து 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்தும் இல்லை, விசேஷச் சடங்கும் இல்லை. கூட ஒரு சொந்தக்காரர், காலைப் பூசை, கோயிலில் சின்னச் சின்ன வேலை, யாரும் விரட்டாத இடம். நோய்க் குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் தணிந்திருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் கருகினார்கள். புளியம்பட்டி அந்தோணியாரிடமும் பொட்டல்புதூர் பள்ளிவாசலிலும் மதம் பாராமல் வந்து விழுகிற கூட்டத்துக்கு இரண்டு சேதியும் சேர்ந்தே போக வேண்டும். சாமியிடம் வருவது நோயாளியின் உரிமை. சங்கிலி யாருடைய நம்பிக்கையும் அல்ல.

பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலை ஒரு துறையாக வளர்த்தது, தே. லூர்து போன்றவர்கள் அங்கே உழைத்தார்கள். அதே ஊரில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கதை ஒரு கல்லூரிக்கும் மூலிகை இன்னொன்றுக்கும் போய்விட்டன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தவர்கள் குறைவு. பட்டமில்லாத பரம்பரை வைத்தியர்கள் தொழில் செய்ய முடியாது என்று 2018ல் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கில் சொல்லிவிட்டது. சட்டப்படி சரி. அவர்களோடு போகிற அறிவைக் கேட்டு எழுதிவைக்கிற வேலை அதனால் இன்னும் அவசரமாகிறது.

கடைசியாக, கதைக்கு நேரமே இல்லாத ஒன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர்; ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலானவர்கள் கிராமத்தார். விஷக்கடிக்கு மந்திரிப்பவருக்குப் பேர் கிடைப்பது எளிது. கடிக்கிற பாம்பில் விஷமில்லாதவை ஏராளம், விஷப்பாம்பும் ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை; பிழைத்தவர் எல்லோரும் மந்திரத்தின் கணக்கில் வரவாகிறார்கள். கட்டுவிரியன் ராத்திரி பாயில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாது. பார்வை பார்த்துவிட்டு விடிந்தபின் பார்க்கலாம் என்று இருந்தவர் மூச்சு நின்றுபோவார். இதற்கு மருந்து விஷமுறிவு ஊசி ஒன்றுதான். அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதும் ஒரு பழங்குடியின் அறிவுதான்: மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர்கள் 1978ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்.

கொடை மேடைகளில் வில்லடிக்கும் அண்ணாச்சிகளிடம் ஒரு வேண்டுகோள். சுடலை கதைக்கு நடுவே இதையும் ஒரு வரி சேர்த்துப் பாடுங்கள்: பாம்பு கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108க்குப் போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. மந்திரிப்பதை ஊசி போட்டபின் மந்திரித்துக்கொள்ளலாம்.